ஊருக்குப் பொது

தமிழில் ‘பொது’ என்று ஒரு சிறிய சொல் உண்டு. பொதுக்கிணறு, பொதுவழி, பொதுத்தேர்வு என்று நாள்தோறும் அதனை வழங்குகிறோம். வழங்கிப் பழகிவிட்டமையால் அதன் பொருளை நின்று நினைப்பதில்லை. ஊரார் கூடியிருந்து வழக்குத் தீர்த்த இடத்தை மன்றம் என்றும் பொதியில் என்றும் பழந்தமிழர் அழைத்தனர். தில்லையில் இறைவன் ஆடும் அம்பலத்தைப் ‘பொது’ என்றே சைவச் சான்றோர் பாடினர். எல்லார்க்கும் உரியது என்னும் கருத்தும், எல்லாரும் கூடும் இடமும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தில் ஐவகை மன்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று வெள்ளிடை மன்றம். அந்தத் திறந்த வெளியிலே காவலும் கதவும் இன்றி வணிகர்களின் பொதிகள் குவிந்து கிடந்தன என்றும், களவு செய்ய நினைத்தவரும் அஞ்சி நடுங்கினர் என்றும் இளங்கோவடிகள் கூறுகிறார்.

ஆனால் ஒன்றைப் ‘பொது’ என்று அழைத்துவிட்டால் அது பொதுவாகிவிடுமா? இந்தக் கேள்வியை எனக்கு முதலில் எழுப்பியது நூலன்று, ஓர் ஊர்க்குளம். அதனை முதலில் சொல்லி, பிறகு வரலாற்றுக்குச் செல்கிறேன்.

நான் திட்டக்குடிப் பக்கத்தவன். வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு என்று பெயர் பெற்று, எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடி, பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலில் கலக்கிறது. மாரிக்காலத்தில் அவ்வாறு கரை புரண்டு வரும். கோடையில் வெண்மணற்பரப்பாகக் கிடக்கும். திட்டக்குடிக்குச் சில கல் தொலைவில், அந்த ஆற்றை அடுத்த ஒரு சிற்றூரில் நான் பள்ளிக்கூடம் சென்றேன். பள்ளியின் சன்னல் வழியே பார்த்தால் ஊருணி தெரியும். நான்கு புறமும் படிக்கட்டு. ஒரு கரையில் அரசமரம்.

ஒரு நாள் ஆசிரியர் திருக்குறளில் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை நடத்தினார். பொதுநலம் பேணும் பெரியோனின் செல்வத்திற்கு வள்ளுவர் மூன்று உவமைகள் தருகிறார்: ஊரார் நீர் உண்ணும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகப் பயன்படும் மரம். மூன்றும் கூரைக்குள் அடங்காதவை; வெளியில், எவரும் அணுகும் இடத்தில் இருப்பவை. ஆசிரியர் சன்னலுக்கு வெளியே கைகாட்டி, ‘அதோ, நம் ஊருணியைப் போல’ என்றார். பிறகு அக்குறள்களை ஒப்பிக்கச் சொன்னார். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, ஓர் எழுத்தும் பிழையாமல் மூன்றையும் ஒப்பித்தான். ஆசிரியர் பாராட்டினார்; நாங்களும் மகிழ்ந்தோம்.

அவனுடைய தெருவைச் சேர்ந்தவர்கள் அந்த ஊருணியின் படியில் கால் வைத்ததில்லை. அவன் தாயார் ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் முகந்து, குடம் நிறைத்துக் கொண்டு போவதை நாங்கள் அனைவரும் பார்த்திருக்கிறோம். எனினும் அன்று அந்த வகுப்பில் எவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அவனுக்கு மட்டும் வந்திருக்கும். அது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. புரிந்த நாள் முதல், வரலாற்றில் ‘பொது’ என்று எதைப் படித்தாலும், அதன் வாயிலுக்கு வெளியே நின்றவர் யார் என்று தேடும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று.

நம் நாட்டில் பொதுவாழ்வு புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடத்தில் ஓலையிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர்க்காரியம் பார்ப்போரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. ஆண்டு வாரியத்திற்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர். ஏரி வாரியத்திற்கு அறுவர். தோட்டத்தைப் பேணுவதற்கென்றே ஒரு குழுவும், ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு குழுவும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவன் மீண்டும் வர இயலாது; அவன் உறவினரும் வர இயலாது. பொதுச்சொத்தைத் தொட்டவன் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் நெறியை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

கல்விக்கும் இத்தகைய சான்று உண்டு. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதல் இராசேந்திர சோழன் காலத்தில் ஒரு கல்லூரி நடந்தது. அங்கே 270 இளமாணவர்களும் 70 முதுமாணவர்களும் ஆக 340 பேர் பயின்றனர். 14 ஆசிரியர்கள் கற்பித்தனர். அதன் செலவுக்காக 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. மாணவர்க்கு உண்டியும் உறையுளும் கிடைத்தன.

இவற்றைப் படிக்கும்போது பெருமை உண்டாகிறது. ஆயினும் என் பழைய கேள்வியையும் கேட்டுப் பார்க்கிறேன். உத்தரமேரூரில் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு வரி செலுத்தும் கால்வேலி நிலமாவது இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் அதில் இடமில்லை. எண்ணாயிரத்துக் கல்லூரியும் வேதமும் சாத்திரமும் கற்கும் குலத்தினர்க்கே உரியதாயிற்று. நெறி உயர்ந்தது, வாயில் குறுகியது. பல நூற்றாண்டுகள் இந்த நிலைமை பெரிதும் மாறவில்லை.

வாயிலை அகலத் திறந்த முயற்சி ஒன்று எங்கள் மாவட்டத்திலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. திட்டக்குடியிலிருந்து பெண்ணாடம், விருத்தாசலம் வழியாகக் கிழக்கே சென்றால் வடலூர் வரும். இன்று அனைவரும் அறிந்த அவ்விடம் அன்று பார்வதிபுரம் என்னும் சிற்றூரின் வெட்டவெளியாக இருந்தது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் பிறந்த இராமலிங்க அடிகள், சென்னையில் வளர்ந்து, பிறகு இப்பகுதிக்கே திரும்பி வந்து, வடலூரை அடுத்த கருங்குழியில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். 1865-ஆம் ஆண்டில் அவர் ஒரு சங்கம் நிறுவினார். சாதி, சமயம் என்னும் வேறுபாடின்றி உயிர்களிடத்து இரக்கம் கொள்வதே அதன் கொள்கை.

கொள்கை பேசியோர் பலர். அடிகளார் அதற்கு ஓர் இடம் தேடினார். அரசனிடம் போகவில்லை, செல்வரிடமும் போகவில்லை. பார்வதிபுரத்து மக்கள் தங்கள் நிலத்திலிருந்து எண்பது காணியை, ஏறக்குறைய 106 ஏக்கரை, 1867-ஆம் ஆண்டில் மனமுவந்து எழுதிக் கொடுத்தனர். இதனை மாணவர்கள் நன்கு கருத வேண்டும். எண்ணாயிரத்துக் கல்லூரிக்கு நிலம் விடப்பட்டது பேரரசின் ஆதரவில். வடலூருக்கு நிலம் வந்தது உழவர் கையிலிருந்து. காணி என்பது உழவனுக்கு வெறும் மண்ணன்று. அவன் பிள்ளைகளின் சோறு. தன் பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க ஊரார் இசைந்தபோதுதான் அங்கே ஒரு பொது பிறந்தது.

அந்த நிலத்தில் அவர் முதலில் எழுப்பியது கோயிலன்று, அடுப்பு. 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் வட பகுதியிலும் பஞ்சம் நிலவியது. சாலை தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆவதற்குள், 1876 முதல் 1878 வரை, நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று அஞ்சி நினைத்த கொடும்பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. அத்தகைய காலத்தில், வந்தவனைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேளாமல் இலை போட்ட இடம் அந்தச் சாலை. பசி ஒன்றே அங்குத் தகுதி. அன்று மூட்டிய தீ இன்றளவும் அணையாமல் பேணப்படுகிறது.

அடுப்பை அடுத்து அடிகளார் நினைத்தது கல்வியை. திருக்குறளைப் புலவர்கள் மட்டும் அறிந்தால் போதாது, பொதுமக்களும் அறிய வேண்டும் என்று கருதித் தம் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியாரைக் கொண்டு வகுப்பு நடத்தச் செய்தார். சன்மார்க்க போதினி என்னும் பெயரில், சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் பயிலத்தக்கதாய், தமிழும் வடமொழியும் ஆங்கிலமும் கற்பிக்கும் பாடசாலையையும் ஏற்படுத்த முனைந்தார். முதியோர் கல்வி என்னும் பேச்சு நம் நாட்டில் அரிதாக இருந்த காலம் அது. டென்மார்க்கு நாட்டில் குருண்ட்விக் என்னும் பெரியாரின் கருத்தைத் தழுவி, உழவர் மக்களுக்கென முதல் மக்கட் பள்ளி 1844-ஆம் ஆண்டில் தோன்றியது. இங்கிலாந்தில் பொதுப்பணத்தில் அமைந்த பர்க்கன்ஹெட் பூங்கா 1847-ஆம் ஆண்டில் எல்லார்க்கும் திறக்கப்பட்டது. அந்நாட்டில் தொடக்கக் கல்வியை நாடெங்கும் பரப்பும் சட்டம் 1870-ஆம் ஆண்டில் வந்தது. ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள், உலகின் வெவ்வேறு மூலைகளில், கல்விக்கும் வெளிக்கும் இருந்த வேலிகளை ஒரே காலத்தில் அகற்றிக்கொண்டிருந்தனர்.

அதே காலத்தில் சிதம்பரத்தில் ஆறுமுக நாவலரும் 1864-ஆம் ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியிருந்தார். நாவலரும் அடிகளாரும் கொள்கையில் மாறுபட்டவர்கள். அவர்களுக்கிடையே எழுந்த அருட்பா, மருட்பா விவாதம் நீதிமன்றம் வரை சென்றது. ஆயினும் பள்ளிக்கூடம் இன்றி நாடு உயராது என்பதில் இருவரும் ஒருமனத்தர். கருத்தில் மாறுபடுவோர் ஒரே நற்பணியைச் செய்வது ஒரு சமுதாயம் வலிமை பெறுவதற்கு அறிகுறி.

அடுப்பும் கல்வியும் கண்ட பிறகே அடிகளார் வழிபாட்டிடம் கண்டார். 1872-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று, எண்கோண வடிவான சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நிகழ்ந்தது. உயிர்க்கொலையும் புலால் உணவும் தவிர்த்தவரே உள்ளே புகலாம் என்னும் நிபந்தனை அங்கு உண்டு. அது ஒழுக்கத்தைப் பற்றியது, பிறப்பைப் பற்றியதன்று. உள்ளே புகாதவரும் கவலையுற வேண்டுவதில்லை. ஏனெனில் சபையைச் சுற்றிலும் பரந்த வெளி கிடக்கிறது. தைப்பூச நாளில் திரைகள் விலகிச் சோதி தோன்றும்போது, இலட்சக்கணக்கான மக்கள் அந்த வெளியில் நின்று காண்கிறார்கள். அங்கே முன்வாயில் இல்லை, பின்வாயில் இல்லை. மேல்படி இல்லை, கீழ்ப்படி இல்லை. அதற்குப் ‘பெருவெளி’ என்று பெயர். அந்த இடத்தில் வெட்டவெளியும் கட்டடத்தைப் போலவே ஒரு பணியைச் செய்கிறது.

1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அடிகளார் ஓர் அறையினுள் புகுந்து மறைந்தார். பின்வந்தோர் பணியைத் தொடர்ந்தனர். ஆனால் நாடு முழுவதும் உடனே மாறிவிடவில்லை. வடலூருக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். ஆதனூர் நந்தனார், ‘நாளைப் போவேன், நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்ற கதையைப் பெரியபுராணம் கூறுகிறது. பொது என்று புகழப்பட்ட தில்லை அம்பலமே அவருக்கு எட்டாத தொலைவில் இருந்தது. அவருடைய மரபில் வந்த குழந்தைகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பள்ளிக்கூடம் அதே தொலைவில்தான் இருந்தது.

அந்தத் தொலைவைக் குறைத்தவர் சுவாமி சகசானந்தர். ஆரணிப் பகுதியில் 1890-ஆம் ஆண்டில் பிறந்த அவர், துறவு பூண்டு சிதம்பரம் வந்து, 1916-ஆம் ஆண்டில் நந்தனார் பெயராலேயே பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். வெளியூர் மாணவர் தங்கிப் பயில விடுதிக்கும் வழி செய்தார். நாளை என்று காத்திருந்தவர்களுக்கு அவர் இன்று என்று விடை கூறினார் எனலாம். பின்னர்ச் சட்டமன்றத்திலும் அவர்களுக்காகக் குரல் எழுப்பி, 1959-ஆம் ஆண்டில் மறைந்தார். அதே நகரத்தில் 1920-ஆம் ஆண்டில் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய மீனாட்சிக் கல்லூரி வளர்ந்து, 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1939-ஆம் ஆண்டிலும் 1947-ஆம் ஆண்டிலும் வந்த சட்டங்கள் கோயிற் கதவுகளைத் திறந்தன. இவ்வாறு, ஒவ்வொரு கதவையும் யாரேனும் ஒருவர் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. எதுவும் தானே திறக்கவில்லை.

வடலூர் அடுப்பின் கருத்து பின்னர்ப் பள்ளிக்கூடத்திற்குள்ளும் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 1920-ஆம் ஆண்டில் தியாகராயச் செட்டியார் காலத்தில் மதிய உணவு அளிக்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டில் காமராசர் அதனை மாநிலத் திட்டமாக்கினார். 1982-ஆம் ஆண்டில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டில் காலை உணவும் சேர்ந்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது இதன் ஒரு பயன். ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றை உண்ட பிள்ளைகள், பெரியவர்களான பின்பு ஒருவரையொருவர் விலக்கி வைக்கத் தயங்குவார்கள் என்பது மற்றொரு பயன். இரண்டாவது பயன் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ஆனால் ஊரின் வலிமை அதில்தான் இருக்கிறது.

இனி, நம் காலத்துச் செய்தி ஒன்று. 2024-ஆம் ஆண்டில் வடலூர்ப் பெருவெளியில் வள்ளலார் பன்னாட்டு மையம் அமைக்கும் பணியை அரசு தொடங்கியது. அடிகளாரின் கொள்கையை உலகறியச் செய்ய அத்தகைய நிலையம் வேண்டும் என்றனர் ஒரு சாரார். பெருவெளி வெளியாகவே இருத்தல் வேண்டும். மக்கள் கூடி நின்று சோதியைக் காண்பதற்காகவே எங்கள் முன்னோர் நிலம் கொடுத்தனர் என்றனர் பார்வதிபுரத்து மக்கள். வழக்கு உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட காலம் கழிந்தும், கொடுத்தவர்களின் வழிவந்தோர் அந்த நிலத்தை இன்னும் பொது என்று நினைத்து, அதன் பொருட்டு வாதாடுகிறார்கள் என்பது எனக்கு வியப்பளிக்கிறது. தாமே கொடுத்து உண்டாக்கிய பொதுவை மக்கள் எளிதில் மறப்பதில்லை.

இதனை நினைக்கும்போது எங்கள் ஊருணி மீண்டும் என் கண்முன் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குச் சென்றிருந்தேன். தெருத்தெருவாகக் குழாய் வந்துவிட்டது, நல்லதே. ஊருணியைத் தேடினேன். படிக்கட்டுகள் மண்ணுள் புதைந்திருந்தன. குளம் தூர்ந்து, சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. அரசமரம் மட்டும் நின்றது. குழாய் வந்தபின் உயர்ந்த தெருவினர்க்கு அக்குளம் தேவைப்படவில்லை. மற்றத் தெருவினர்க்கு அது ஒருநாளும் தங்களுடையதாக இருந்ததில்லை. ஆகவே அவர்களும் அதனைக் காக்க வரவில்லை. எல்லார்க்கும் பொதுவாவதற்கு முன்னே அது அழிந்துபோயிற்று. ஊருணி நீர் நிறைய வேண்டுமானால், அதனை ‘என்னுடையது’ என்று சொல்லத்தக்க கைகள் ஊரெல்லாம் இருக்க வேண்டும். பாதி ஊரை விலக்கிய குளத்திற்குப் பாதிக் கைகளே இருந்தன. பின்னர் அவையும் இல்லாமற் போயின.

ஆற்றங்கரைக்கும் சென்றேன். கோடைகாலம். அந்த மணலில் நாங்கள் சிறுவர்களாய் எந்தத் தெரு என்று பாராமல் சடுகுடு ஆடியதும், தாகம் எடுத்தபோது நானும் அந்தக் கடைசி வரிசை நண்பனும் ஒரே ஊற்றில் கையால் அள்ளிப் பருகியதும் நினைவுக்கு வந்தன. எங்கள் ஊரில் ஊருணி என்று பெயர் பெற்றது அந்தக் குளம். ஊர் முழுவதும் நீர் உண்டது அந்த மணலில். வள்ளுவர் சொன்ன ஊருணியை நான் பள்ளிக்கூடத்தின் சன்னல் வழியே பார்த்ததாக எண்ணியிருந்தேன். உண்மையில் அதனைப் பார்த்தது ஆற்றிலேதான்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு குளம் இருக்கும். ஒரு விளையாட்டு வெளி இருக்கும். ஒரு நூல்நிலையம் இருக்கும். விடுமுறை நாளில் ஒருமுறை அங்கே சென்று பாருங்கள். யார் வருகிறார்கள் என்று பார்த்த பிறகு, யார் வரவில்லை என்றும் பாருங்கள். வராதவர் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். தூர் எடுப்பதற்கு மண்வெட்டி எடுக்கும்போது அவரையும் அழையுங்கள்; அதன் வரவு செலவை எழுதும்போது அவர் கையிலும் கணக்கைக் கொடுங்கள். உத்தரமேரூரின் நெறியும் வடலூரின் வாயிலும் ஒன்று சேரும் இடம் அதுவே. நான் அன்று வகுப்பில் கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் தவறாமல் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.